ஏடு காத்தவர் காத்த கடிதங்கள்

தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிலே தோன்றி, அநபாய சோழ வேந்தனுக்கு அமைச்சராய் விளங்கி, பின்னர்த் தில்லையம்பதியிலிருந்து பெரியபுராணம் அருளிச்செய்த சேக்கிழார் பெருமான் எழுதிய திருமுகம் ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. பேரரசொன்றின் அமைச்சராயிருந்தவர் நாள்தோறும் எத்துணை ஓலை எழுதுவித்திருப்பர், எத்துணை ஓலை படித்திருப்பர் என்பது உய்த்துணரத்தக்கது. அவையனைத்தும் மறைந்தன. அவர்தம் வரலாறென இன்று கிடைப்பது, அவர்க்குப்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் புராணமொன்றேயாம். அறுபான்மும்மை நாயன்மார் வரலாற்றைத் தொகுத்து உலகிற்கு உதவியவரின் சொந்த வரலாற்றிற்குக் கையெழுத்துச் சான்று ஒன்றும் எஞ்சாமை வியப்பும் வருத்தமும் தருவதொன்று. குன்றத்தூர், இக்காலத்தே மோட்டார்த் தொழிற்சாலைகள் நிரைநிரையாய் எழுந்துள்ள திருப்பெரும்பூதூர், ஒரகடம் என்னும் ஊர்களுக்கு அணித்தாகக் கீழ்பால் உள்ளது. அப்பகுதியைப்பற்றி இறுதியிற் கூறப்படும்.

ஏடு அழிதலும் ஏடு காத்தலும் சைவ உலகிற்குப் புதியன அல்ல. தேவாரத் திருமுறைகள் தில்லைத் திருக்கோயிலின் ஓரறையிலே மூவர் கையிலச்சினையோடு பூட்டப்பட்டுக் கிடந்தனவென்றும், அபயகுலசேகரனாகிய இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பிகளும் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளைச் செல் மூடியிருந்ததென்றும், அரித்தன போக எஞ்சியவையே இன்று ஓதப்படுகின்றனவென்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் விட்ட செய்தி காணப்படுதலால், பதிகங்கள் முற்றும் மறைந்தொழிந்திருந்தன எனக் கொள்ளுதற்கில்லை என்பர் வரலாற்று ஆராய்ச்சியாளர். அஃது எவ்வாறாயினும், ஏடுகள் பூட்டிவைக்கப்பட்டன, பார்ப்பாரின்மையாற் செல்லுக்கு இரையாயின என்னும் செய்தி தமிழ்நாட்டு அனுபவத்தோடு முழுதும் பொருந்துவது. பூட்டு ஏட்டைக் காப்பதன்று. ஆண்டுதோறும் அவிழ்த்து, தூசி தட்டி, மஞ்சளும் எண்ணெயும் பூசி, மீண்டும் கட்டிவைக்கும் கையே காப்பது.

இதனினும் கசப்பான செய்தியொன்று உண்டு. மகாமகோபாத்தியாயர் உத்தமதானபுரம் சாமிநாதையரவர்கள் சங்கநூற் பிரதிகளைத் தேடி ஊர்தோறும் சென்றுவந்த காலத்தே, பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலிற் பழைய ஏடுகள் பல உள்ளன என்று கேள்வியுற்று ஆங்குச் சென்றனர். கோயிலைச் சார்ந்தார் சொன்ன மறுமொழி அவரைத் திடுக்கிடச் செய்தது. பழுதுற்றுக் குவிந்து கிடந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகவும், அங்ஙனம் செய்தல் ஆகமத்திற் சொல்லியுள்ளதே என்றும் அவர்கள் கூறினர். ஐயரவர்கள் இதனைத் தம் வரலாற்றிலே ஆறாத் துயரத்தோடு குறித்துள்ளார். பிறவூர்களில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றிலே விடப்பட்ட ஏடுகளையும் அவர் கேள்வியுற்றார்.

இவற்றைச் செய்தாரை அறியாதார் என்று இகழ்ந்துவிடுதல் எளிது. ஆயினும் உண்மை வேறு. ஓலை நீண்டநாள் நில்லாத பொருளாதலின், பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிலே படியெடுத்தபின், பழையதைக் கண்ட இடத்தே எறியாது நீரிலேனும் நெருப்பிலேனும் மரியாதையோடு நீக்குதல் பண்டை வழக்கு. நாளடைவிற் படியெடுப்பார் அற்றனர். நீக்குவார் மட்டும் நின்றனர். பாதி வழக்கு போய்ப் பாதி வழக்கு நின்றமையால் வந்த கேடே அது. மரியாதையின்மையால் அழிந்த ஏட்டினும் மரியாதையால் அழிந்த ஏடு குறைந்ததன்று.

சாமிநாதையரவர்கள் சிந்தாமணியை 1887-இலும், பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் அச்சிட்டு வெளிப்படுத்தியமை யாவரும் அறிந்தது. அவர் காத்த மற்றொரு செல்வத்தை அறிந்தார் சிலரே. தமக்கு வந்த கடிதங்களை அவர் எறிந்திலர். 1877-ஆம் ஆண்டு முதற்கொண்டு 1942-இல் அவர் மறையுங்காறும் வந்தவற்றுள் மூவாயிரத்திற்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஓலைச்சுவடி தேடுவார்க்குக் காகிதத் துண்டின்மேல் இத்துணை மதிப்பு யாங்ஙனம் உண்டாயிற்று?

அவர் வளர்ந்த இடம் இதற்கு ஒருவாறு விடை தரும். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடத்தும், 1876-இல் அப்பெரியார் சிவபதமடைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடத்தும் அவர் கல்வி பயின்றார். ஆதீனங்களிலே கடிதம் என்பது ஒருவர் படித்துக் கிழித்தெறியும் பொருளன்று. வருவனவற்றைச் சந்நிதானத்தின் திருமுன்னர்ப் படிப்பதற்கும், விடை வரைவதற்கும் இராயசக்காரர் இருந்தனர். எந்த ஊர்ப் பிரபு எப்போது எதை வேண்டி எழுதினார் என்பது மடத்தின் நினைவிலே நிற்றல் வேண்டும். ஒரு நிலத்திற்கோ ஒரு கட்டளைக்கோ நாளை அதுவே ஆதாரமாகும். சுப்பிரமணிய தேசிகர் அளித்த நற்சான்றுத் திருமுகமும், தியாகராச செட்டியார் செய்த முயற்சியுமே 1880-இற் கும்பகோணம் கல்லூரியிலே ஐயரவர்கட்குத் தமிழாசிரியர் பதவியைத் தந்தன. ஒரு தாள் ஒருவர் வாழ்வைத் திருப்பிவிடும் என்பதை அவர் நூலிற் படித்தறிந்தவரல்லர்.

காலமும் துணை செய்தது. 1879-இல் இந்திய அஞ்சல் நிலையத்தார் காலணா விலையிற் கார்டு வழங்கத் தொடங்கினர். திருநெல்வேலியிலுள்ள கவிராயர் வீட்டுப் பரணிலே எந்த ஏடு உள்ளது என்பதை, கும்பகோணத்திலிருப்பார் காலணாச் செலவில் அறியலாயிற்று. ஏடுடையார் சிலர் தருவோம் என்று எழுதினர். சிலர் தாரோம் என்று எழுதினர். பலர் தேடிப் பார்க்கிறோம் என்று எழுதிவிட்டு வாளாவிருந்தனர். புலவர்கள் ஐயம் வினவினர். கையொப்பக்காரர் புத்தகம் எப்போது வரும் என்று நெருக்கினர். பாரிசு நகரத்திலிருந்து சூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் தமிழிலேயே எழுதினார். இங்கிலாந்திலிருந்து போப்பையர் எழுதினார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்து, கலித்தொகை முதலியவற்றை அச்சேற்றிய தாமோதரம் பிள்ளையவர்கள், சிந்தாமணியைத் தாமும் பதிப்பிக்க விரும்பியிருந்தவர். நட்பும் போட்டியும் விரவிய உறவு அவ்விருவர்க்கும் இருந்தது. அவர் எழுதியனவும் இத்தொகுதியில் உள.

சைவ அன்பர்க்கு இவற்றுள் மிகவும் எண்ணத்தக்கது சிந்தாமணியைச் சூழ்ந்த செய்தியேயாம். திருநீறு தரித்துச் சைவ மடத்திலே பயின்ற ஒருவர் சமண காவியத்தை அச்சிட முற்பட்டது கண்டு சைவருள்ளே சிலர் முணுமுணுத்தனர். சைவர் கைக்கொள்ளத்தகாத நூலென்று கூறித் தடுக்க முயன்றாரும் உளர். இதற்கு மாறாக, அம்முயற்சி கேட்டு மகிழ்ந்து ஊக்கியவர் சைவ ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரே. சமயப் பற்று என்பது பிறர் நூலை மறைப்பதில் இல்லை என்று மடாதிபதி ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார். மடத்திற்கு வெளியே நின்றாரிற் சிலர் உணர்ந்திலர். இவ்விருதிறத்து நிலையையும் பிற்காலத்தார் சான்றோடு ஆராய்தற்கு இடமளிப்பன இத்தகைய பழங்கடிதங்களே.

இத்தொகுதிக்குரிய குறையொன்றையும் மறைத்தலாகாது. இவை ஐயரவர்கட்கு வந்தவை. அவர் விடுத்தவை அல்ல. இருவர் உரையாடலில் ஒருவர் குரலே கேட்கின்றது. தாமோதரம் பிள்ளை வினவியது தெரியும். அதற்கு ஐயரவர்கள் யாது விடை எழுதினார் என்பதைப் பெரும்பாலும் அடுத்து வந்த கடிதத்தினின்றே உய்த்துணர வேண்டும். அவர் எழுதிய கடிதங்கள் பெற்றார் வீடுகளிலே சிதறிப் போயின. ஒருவர் காத்தாற் போதாது, இருபாலாரும் காத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை.

ஐயரவர்கள் தம் முதுமையிலே ஆனந்த விகடன் வாயிலாக 1940 முதல் ‘என் சரித்திரம்’ எழுதிவந்தனர். எண்பத்தைந்து ஆண்டு நிரம்பும் தறுவாயில் தொடங்கிய அந்நூல், மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த காலத்தை ஒட்டிய செய்திகளோடு நின்றுவிட்டது. அதற்குப்பின் அவர் வாழ்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அவர் கையாற் சொல்லப்படாதவை. சென்னை மாநிலக் கல்லூரியிலே 1903 முதல் 1919 வரை ஆசிரியராயிருந்தமையும், 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் பெற்றமையும், சிதம்பரத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைமையும், 1937-இற் குறுந்தொகை வெளியிட்டமையும் அந்நூலில் வந்தில. அவர் மாணாக்கர் கி. வா. சகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலால் அவ்விடைவெளியை ஒருவாறு நிரப்பினார். ஆயினும் அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்றே காட்டுவன கடிதங்கள்.

சொல்லப்பட்ட காலத்திற்கும் அவை வேண்டப்படும். முதியவர் ஒருவர் ஐம்பதாண்டுக்கு முன் நிகழ்ந்தவற்றை நினைந்து எழுதும்போது, நினைவு சிலவற்றைச் சுருக்கும், சிலவற்றை இனிமையாக்கும், சிலரை மறக்கும். ஐயரவர்களின் நினைவாற்றல் பெரிது. அவர் பண்பும் பெரிது. அப்பண்பே சில பிணக்குகளைச் சொல்லாது விடச் செய்திருத்தலும் கூடும். ஒரு நூல் வெளிவர ஏடு தந்தவர், ஒப்புநோக்கியவர், பொருள் உதவியவர், அச்சுக்கூடத்தில் உழன்றவர் எனப் பலர் வேண்டும். தன்வரலாற்றில் இவர்கள் ஆசிரியர் வாயிலாகப் பேசுகின்றனர்; கடிதத்தில் தாமே பேசுகின்றனர். ஒருவர் புகழைக் குறைப்பதன்று இது. பலரைத் தம்முடன் சேர்த்து இழுத்துச் சென்ற அவர் ஆற்றல் கடிதங்களாலேயே நன்கு விளங்கும்.

இனி இச்செல்வம் தப்பிய வரலாறு. 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் கொழும்பு நகரிலே குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை மக்கள் நகரை விட்டு நாற்புறமும் ஓடலாயினர். எண்பத்தேழாண்டு நிரம்பிய ஐயரவர்களும் திருவல்லிக்கேணி ‘தியாகராச விலாச’த்தை விட்டுச் செங்கற்பட்டுச் சில்லாவிலுள்ள திருக்கழுக்குன்றத்திற்குச் சென்றனர். அவர் தங்கியதும் திருவாவடுதுறை ஆதீனத்திற்குரிய இல்லமே. இளமையில் ஆதரித்த ஆதீனம் இறுதியிலும் நிழல் தந்தது. வேதகிரீசுவரர் மலையடியிலே அவ்வாண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அவர் இறைவன் திருவடி நிழலை எய்தினர்.

எழுதியவர் இறந்த மறுதிங்களே தாள்கள் அழியத் தொடங்குதல் தமிழ்நாட்டு வழக்கு. இங்கு அவ்வாறாகவில்லை. தந்தையார் சேர்த்தவற்றைப் பங்கிடாமலும் விலைப்படுத்தாமலும், மைந்தர் கலியாணசுந்தரமையர் காத்துவைத்தனர். கலாட்சேத்திரத்தை நிறுவிய உருக்குமிணி தேவியாரின் முயற்சியால் 1943-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அடையாற்றிலே அப்பெரியார் பெயரால் நூல்நிலையம் தோன்றிற்று. பிற்பாடு பெசன்று நகரிலே தனிக்கட்டடம் அமைந்தது. இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளும், அச்சு நூல்களும், கையெழுத்துப் படிகளும், கடிதங்களும் ஆங்குள்ளன. திருவல்லிக்கேணி இல்லமோ இந்நூற்றாண்டிலே இடிக்கப்பட்டுவிட்டது. சுவர் போயிற்று, தாள் நின்றது. 2018-இல் வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் பதிப்பாசிரியராக, 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்கள் ‘உ. வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்’ என்னும் பெயரால் முதற்றொகுதியாக வெளிவந்தன. தன்வரலாறு நின்ற எல்லையும் அத்தொகுதி நின்ற எல்லையும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் நோக்கத்தக்கது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பார் பெறும் பயன் பெரிது.

தாளைக் காத்தல் ஓலையைக் காத்தலினும் அரிது என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். நல்லோலை முந்நூறாண்டு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பரவிய மரக்கூழ்க் காகிதமோ தன்னுள்ளேயே புளிப்புடையது. காற்றும் ஒளியும் பட்டு, பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்து, நூறாண்டில் அப்பளம்போல் நொறுங்கும். புளிப்பை நீக்குதல், மெல்லிழைத் தாள் ஒட்டி வலிவூட்டுதல், நிழற்படிவம் எடுத்துவைத்தல் முதலிய வழிகள் இக்காலத்து உள. இவற்றிற்குப் பொருள் வேண்டும். பொருளினும் பொறுமை வேண்டும்.

புகைப்படங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1858-இலேயே இலின்னேயசு திரைப்பு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுக்களை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேல் நீளும் சுருளாக்கினார். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1956 முதல் தென்னாட்டுத் திருக்கோயில்களைப் படமெடுத்து, நூறாயிரத்திற்கு மேற்பட்டவற்றைச் சேர்த்துள்ளனர். அந்நகரிலுள்ள சைவச் சுவடித் தொகுதிகள் 2005-இல் ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. கல்லையும் கோபுரத்தையும் எடுத்த படங்களுக்கு ஒருவகைக் காவல் உண்டு. இல்லங்களிலுள்ள படங்களுக்கே காவல் இல்லை. பழைய படநிலையங்கள் மூடப்பட்டபோது கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுச் சாளரக் கண்ணாடிகளாயின. இதனை உணர்ந்தே அப்பிரெஞ்சு நிலையத்தைச் சார்ந்தார், பிரிட்டிசு நூலகத்தின் உதவி பெற்று, தமிழ்நாட்டுப் படநிலையங்களில் எஞ்சிய பழைய குடும்பப் படங்களை ஆயிரக்கணக்கில் தேடிப் படிவம் எடுத்தனர். படத்திற்கும் கடிதத்திற்கும் உள்ள வேறுபாடு ஒன்று: கடிதம் எழுதியவன் பெயரைத் தானே சொல்லும், படம் சொல்லாது. தலைப்பாகையோடும் உருத்திராக்கத்தோடும் வீற்றிருக்கும் முதியவர் யாரெனச் சொல்ல வல்ல கடைசிப் பாட்டியும் மறைந்துவிட்டால், அப்படம் வெறும் நிழலே.

தொடக்கத்திற் குறித்த திருப்பெரும்பூதூர் ஒரகடப் பகுதிக்கு இங்கே வரவேண்டும். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டுச் சாகிரிலே ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்காலத்துக் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய ஊர்க்கணக்குகள் பல தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற் காக்கப்பட்டுள்ளன. எவ்வூரில் எத்துணை வீடு, விளைந்த நெல்லிற் கோயிலுக்கும் ஏரிக்கும் வெட்டியானுக்கும் வண்ணானுக்கும் சென்ற பங்கு எவ்வளவு என்பன அவற்றாற் புலனாகும். அவ்வூர் மாந்தர் ஒருவர்க்கொருவர் யாது பேசினர், எதற்கு வருந்தினர் என்பது புலனாகாது. அரசு தனக்கு வேண்டியதை எழுதுவித்துக் காத்தது. மக்கள் தமக்கு வேண்டியதைத் தாமே காக்கவேண்டியவராயினர்.

1990-ஆம் ஆண்டிற்குப்பின் அந்நிலத்தின் பெரும்பகுதி தொழிற்பேட்டையாயிற்று. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010 முதல் ஒரகடத்திலும் மோட்டார் வண்டிகள் செய்யப்படுகின்றன. நிலம் விற்றவர் பலர் வேறிடம் பெயர்ந்தனர். ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடிகள் எழுகின்றன. வீடு இடிக்குமுன் பரண் ஒழிக்கப்படும். அப்பரணில் தகரப்பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் பழைய பட்டா, கலியாணப் பத்திரிகைகள், பங்குனி உத்திரத்திற்கு உபயம் செய்தமைக்குக் கோயிலார் தந்த இரசீது, பட்டாளத்தினின்றோ இரங்கூனினின்றோ வந்த கடிதங்கள், ஓரம் செல்லரித்த புகைப்படங்கள் ஆகியன கிடக்கும். பட்டா மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். ஏனையவை எடைக்குப் போகும்.

கோட்டையூர் ரோசா முத்தையா செட்டியார் இத்தகைய தாள்களையே வாழ்நாள் முழுதும் தேடித் திரிந்தவர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர், பிறர் குப்பையென்று கழித்த திருமண அழைப்பு, நாடக நோட்டீசு, நின்றுபோன மாத இதழ் என்பவற்றை நூல்களோடு ஒப்ப அடுக்கிவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை விலைக்குப் பெற்றும் கடல் கடத்தாது, 1994-இற் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமையச் செய்தனர். இன்று பழைய சைவ இதழொன்றின் தொகுதியைத் தேடுவார் பலர் முதலிற் செல்வது அவ்விடத்திற்கே. ஒரகடத்துப் பரணிலுள்ள பெட்டியைத் திறப்பார் படங்களின் பின்புறத்தே பெயரும் ஊரும் ஆண்டும் மெல்லிய பென்சிலால் எழுதி, கடிதங்களை மடிப்பு நீக்கி அடுக்கி, கரப்பான் புகாத பெட்டியில் இட்டு வைப்பரேல், அதற்கு ஒரு பிற்பகற்பொழுது செல்லும். வீட்டிலே முதியவர் ஒருவர் உடனிருப்பின் அதனிற் பாதியே போதும்.